அணையில் எப்போதும் இருபத்தாறு

நீங்கள் பொய் எழுதுகிறீர்கள்.

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். சால்வை போட்டீர்கள். "அலுவலர் சங்க மலருக்கு உங்க இனிமையான பணி அனுபவம் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்றீர்கள். நீங்கள் டீ சொல்லப் போன நேரத்தில், மேசை மேல் கிடந்த அணைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் வந்ததே அதற்குத்தான். நீரின் வெப்பம் என்ற கட்டத்தில் திங்கள் இருபத்தாறு. செவ்வாய் இருபத்தாறு. தை மாதம் இருபத்தாறு. சித்திரையில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் நாளிலும் அதே இருபத்தாறு.

அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான் பெற்ற பிள்ளை. பத்து வருடம் அதை நான்தான் வளர்த்தேன். பிறகு ஊர் முன்னால் அதற்குக் கருமாதியும் செய்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று வருடம் நிஜமான எண்களை எழுதினேன். நீங்கள் அந்த மூன்று வருடத்தைத் தாண்டிப் போய், என் பழைய பொய்யைத் தேடிப் பிடித்து நகல் எடுத்திருக்கிறீர்கள். சிரமப்பட்டிருப்பீர்கள். பாராட்டுகிறேன்.

நீங்கள் புதியவர். மீன்வளம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், என்னைவிட நிறையப் படித்திருக்கிறீர்கள். அதனால் பாடம் எடுக்கப் போவதில்லை. நான் எப்படிக் கெட்டுப் போனேன் என்று மட்டும் சொல்கிறேன். இனிமையாக இருக்காது.

அணை எது என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஆனைமலைப் பக்கம் ஓர் அணை என்று தெரிந்தால் போதும். அங்கே நான் வேலையில் சேர்ந்தபோது என்னிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கும் தெர்மாமீட்டர். இன்னொன்று மீன் அளக்கும் பலகை.

தெர்மாமீட்டரை இரண்டாம் வருடம் குரங்கு கொண்டு போயிற்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மார்கழி மாதம், காலையில் தண்ணீர் பார்த்து இருபத்தாறு என்று எழுதிவிட்டு, கரையில் வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். குரங்குக்கு என் இட்லி பிடிக்கவில்லை போலும். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிட்டது. புதிது வேண்டுமென்றால் பழையது என்ன ஆயிற்று என்று எழுதித் தர வேண்டும். குரங்கு என்று எழுதினால் கோயமுத்தூர் அலுவலகம் முழுக்கச் சிரிக்கும். எனக்கு ஏற்கெனவே உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சிரிப்பதற்கு இன்னொரு காரணம் கொடுக்க நான் தயாராக இல்லை. எனவே மறுநாளும் இருபத்தாறு என்று எழுதினேன். அதற்கு மறுநாளும். கடைசியாகப் பார்த்தது மார்கழியில் அல்லவா, அதன் பிறகு என் அணையில் பத்து வருடம் மார்கழிதான்.

மேலே யாரும் கேட்கவில்லை. மாறாத எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலகை வேறு கதை. அது என் பெருமை. வாகை மரத்தில் நானே சொல்லிச் செய்தது. ஒரு முனையில் மீனின் மூக்கு இடிக்க ஒரு கட்டை, மறுமுனைப் பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புக் கோடு. அணையில் அதிகம் விழுவது ஜிலேபி மீன். வால் நுனி சிவப்புக் கோட்டைத் தொட்டால் அது பெரிய மீன், பிடிக்கலாம். தொடாவிட்டால் அது இளமீன், இன்னும் பருவத்துக்கு வராதது, பிடித்தவர்கள் குற்றவாளிகள். அணைக்கரை எடைக் கொட்டகையில் பலகையோடு நான் நின்றால் என்னை நானே நீதிபதி என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் எனக்குப் பலகை சார் என்று பெயர். மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களில் கோட்டைத் தொடாத மீன் கூடிக்கொண்டே போனது. என் மூளைக்கு எட்டிய ஒரே விளக்கம், எவனோ சின்னக் கண் வலை போடுகிறான், குட்டியை எல்லாம் வழித்து எடுக்கிறான் என்பதுதான். நம் துறையில் மீன் சிறுத்தால் மீனவன் திருடன். இது படிக்காமலே நமக்கு வந்துவிடும்.

அதிலும் கிழக்கு மூலையில் விழுகிற மீன் மிகச் சிறியது. அந்த மூலை ரங்கன், மாராத்தாள் என்ற தம்பதியின் பங்கு. புருசன் பரிசல் தள்ளுவார், பெண்டாட்டி வலை எடுப்பாள். மற்றவர்கள் ஆண்கள் மட்டும் போவார்கள், இவர்கள் ஜோடியாகப் போவார்கள். ரங்கன் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து மாராத்தாள் பேசுவாள்.

ஒரு நாள் காலை அவர்களுடைய கூடையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து, "இளமீன், இளமீன், இளமீன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கொட்டகையில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் சத்தம்.

"ஏனுங்க சார், அது எளசு இல்லீங்க. வயசுக்கு வந்ததுங்க" என்றாள் மாராத்தாள்.

"கோட்டைத் தொடலையே?"

"கோட்டத் தொடாட்டி என்னுங்க? அதுக்கு அளவு சிறுத்துப் போச்சுங்க, அவ்ளோதான். நெசமா எளசான்னு பாக்கோணும்னா ஒருக்கா விடியக்காலம் எங்ககூடப் பரிசல்ல வாங்க. வலை எடுக்கறப்பப் பாத்தீங்கன்னா தெரிஞ்சுக்குவீங்க."

"எனக்கு விதி இருக்குதம்மா. கரையில இறங்குற மீனைத்தான் நான் அளக்கணும்."

அப்படி ஒரு விதி கிடையாது. எனக்கு நீச்சல் தெரியாது. முப்பது வருடம் மீன் துறையில் சம்பளம் வாங்கியவனுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் நெஞ்சு அடைத்துவிடும். பரிசல் என்றால், அது சுற்றுவதை நினைத்தாலே கரையில் ஓரடி பின்வாங்கி நிற்பேன். இந்தப் பயத்துக்கு நான் வைத்த பெயர்தான் விதி.

அதோடு விட்டிருந்தால் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். நான் விடவில்லை. "வயசுக்கு வந்த மீனும் வராத மீனும் எனக்குத் தெரியாதா? பலகை பொய் சொல்லுமா?" என்றேன்.

மாராத்தாள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்களையும் இந்த ஊர் ஆம்பளைங்க அளவுக்கு ஒரு பலகை செஞ்சு படுக்க வெச்சா, நீங்களும் பொடிசுதானுங்க. உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

"மூணு" என்று என் வாய் பதில் சொல்லிவிட்டது.

கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ஐஸ் உடைக்கிறவர் ஐஸ் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். ரங்கன்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கவனியுங்கள். அந்த அணையைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதிலேயே பெரிய உண்மையை அந்தப் பெண் அன்று சொன்னாள். உடம்பு சிறுத்தாலும் பருவம் வந்துவிடும் என்றாள். நானோ, என் உயரத்தைக் கிண்டல் செய்தாள் என்று மட்டும் கேட்டேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். "தொடர்ந்து இளமீன் பிடித்தல், அரசு அலுவலரின் பணிக்கு இடையூறு." லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. கிழக்கு மூலையில் ஒரு வருடத்துக்கு யாரும் வலை போடக்கூடாது என்றும் உத்தரவு வாங்கினேன். முன்மாதிரி நடவடிக்கை என்று அதற்குப் பெயரும் வைத்தேன்.

ரங்கனும் மாராத்தாளும் தென்னை நார் மில்லுக்கு வேலைக்குப் போனார்கள்.

கோபத்தில் எழுதிய எந்த அறிக்கையையும் மறுநாள் காலை வரை அனுப்பாதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். நான் மறுநாள் காலையிலும் அனுப்பியிருப்பேன்.

ஒரு வருடம் போனது. எங்கள் மண்டலத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கோபிப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர், எனக்கு இரண்டு படி மேலே. அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே. "நம்ம அணையில ஒரு மூலைய ஒரு வருசம் பாதுகாத்திருக்கோமுங்க மேடம். மீன் எல்லாம் இப்பப் பெருத்திருக்கும். நீங்களே வந்து பாக்கோணும்" என்று வரவழைத்தேன். மீனவர் சங்கத் தலைவரையும் கூப்பிட்டேன். மாலைகூட வாங்கினேன். மீனுக்கா மேடத்துக்கா என்று சங்கத் தலைவர் கேட்டார்.

கிழக்கு மூலையில் வலை போட்டு எடுத்து வந்தார்கள். கூடையைக் கொட்டினார்கள். நான் பலகையை எடுத்துத் துடைத்து, முதல் மீனை வைத்தேன். கோட்டைத் தொடவில்லை. இரண்டாவது தொடவில்லை. எட்டு மீன் வரை சிரித்த முகத்தோடு வைத்தேன். பிறகு மீனை வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆமாம், இழுத்தேன். மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஒரு வருசமா இங்க ஆருமே வலை போடலைன்னீங்க?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப இந்த மீனையெல்லாம் சிறுக்க வெச்சது ஆருங்க?"

வலை போட்டவர்களைத் துரத்தியாகிவிட்டது. மீன் அப்படியேதான் இருந்தது. திருடனை ஊரைவிட்டு அனுப்பிய பிறகும் களவு நின்றபாடில்லை. கொஞ்சம் புத்தி இருப்பவனுக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்கும். "ராத்திரியில திருட்டுத்தனமா போட்டிருப்பாங்க மேடம்" என்றேன் நான்.

அவர் கீழே குனிந்து ஒரு மீனை எடுத்து, கத்தி கேட்டு வாங்கி, வயிற்றைக் கீறினார். உள்ளே முட்டைப்பை நிறைந்து, மஞ்சளாக, பிதுங்கி வந்தது. இன்னொன்று. அதிலும் முட்டை. ஒரு சாண்கூட இல்லாத மீன்.

"இத்தன வருசத்துல ஒண்ணையாவது கீறிப் பாத்தீங்களா?"

"அளந்தேனுங்க."

"அளந்தது தெரியுது" என்றார்.

மறுநாள் விடியலில் என்னைப் பரிசலில் ஏறச் சொன்னார். விதி என்று ஆரம்பித்தேன். "எந்த விதிங்க, காட்டுங்க" என்றார். ஏறினேன். நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, கண்ணை மூடி, மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பரிசல் தள்ளியவர் எனக்காகவே ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினார் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன். வலையை எடுத்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். மீன்கள் பரிசலுக்குள் விழுந்து துள்ளின. துள்ளும்போதே அவற்றின் வாயிலிருந்து கம்பு மணி அளவில் மஞ்சள் முட்டைகள் உதிர்ந்தன. பரிசலின் அடியில் தேங்கிய தண்ணீர் முழுக்க அவைதான் கிடந்தன.

ஜிலேபித் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வலையில் மாட்டி மிரண்டால் துப்பிவிடும் என்பதும் தெரியும். ஆனால் கரைக்கு வரும்போது வாய் காலியாக இருக்கும், பரிசலையும் கழுவிவிடுவார்கள். நான் கரையில் நின்று பொடிசு என்று தீர்ப்பு எழுதிய மீன்கள் எல்லாம் பிள்ளை பெற்றவை. அந்த முட்டைகளைத் தினமும் காலையில் கழுவி ஊற்றியவள் மாராத்தாள்.

கையைத் தண்ணீரில் விட்டேன். பயத்தில் விளிம்பிலிருந்து கை நழுவியது, அதுதான் நிஜம். விடியற்காலையில், வெயில் ஏறும் முன்பே, தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீர் ஆறியது போல இருந்தது. மேடம் தன் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து இறக்கினார். முப்பத்தொன்று. ஆனி மாத விடியல். அதுவும் ஒரு நாளைய எண்தான், அதை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது.

தண்ணீர் சூடேறினால் மீனுக்கு என்ன ஆகும் என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. உடம்பு வேகமாக எரியும், தண்ணீரில் மூச்சுக்கான காற்று குறையும். சின்ன வயதில் வேகமாக வளரும், சீக்கிரம் பருவத்துக்கு வரும், அதன் பிறகு தின்பதெல்லாம் முட்டைக்குப் போகும். உடம்பு அந்த அளவிலேயே நின்றுவிடும். ஏன் இப்படி என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும்.

நான் கரைக்கு வந்ததும், "எல்லாம் வெயில்தானுங்க மேடம். இன்னைக்கே எழுதிப்போடறேன்" என்றேன்.

"நேத்துவரைக்கும் எல்லாம் வலைன்னீங்க. இன்னைக்கு எல்லாம் வெயிலா? ஜிலேபி நெரிசலாக் கெடந்தாலும் சிறுக்கும். மேல போய்ப் பாக்கலாம் வாங்க."

அணைக்கு மேலே, மலை ஓடை வந்து விழும் இடத்தில் ஒரு தடுப்புக் குட்டை உண்டு. அதே ஜிலேபி, அதைவிட நெரிசல், ஆனால் தண்ணீர் கால் வைத்தால் சிலிர்க்கும். அங்கே பிடித்த சின்ன மீன்களைக் கீறினோம், ஒன்றிலும் முட்டை இல்லை. முட்டை இருந்தவை எல்லாம் என் சிவப்புக் கோட்டைத் தாண்டின. பலகை அந்தக் குட்டைக்குச் சரியாகத்தான் இருந்தது. நான் அணைக்கு வைத்துக்கொண்டு அளந்தேன்.

சரி, அத்தோடு திருந்திவிட்டேனா? கேளுங்கள்.

ரங்கன், மாராத்தாள் லைசென்சைத் திருப்பித் தர வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். கோயமுத்தூரில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நான். சுவர் ஓரம் ரங்கனும் மாராத்தாளும். நார் மில் தூசியில் ரங்கனுக்கு இருமல் பிடித்திருந்தது. அந்த அறையில் இருமக்கூடாது என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்.

நடுவில் இருந்தவர் என் அறிக்கையைப் படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனக்கு அப்போதே குரங்கு ஞாபகம் வந்துவிட்டது.

"தண்ணி சூடானதால மீன் சிறுத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. பத்து வருசமாத் தண்ணி ஒரு டிகிரிகூட ஏறலைன்னு பதிவேடு சொல்லுது. இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டுல எது பொய்? அறிக்கையா, பதிவேடா?"

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பதிவேடு பொய் என்றால், அரசு ஆவணத்தில் பத்து வருடம் பொய் எழுதியவன் ஆவேன். வேலை போகலாம், ஓய்வூதியம் போகலாம். மூன்றாவது பிள்ளை அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அறிக்கை பொய் என்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. சுவர் ஓரம் நிற்கும் இரண்டு பேர் நார் மில்லுக்கே திரும்பிப் போவார்கள். உண்மை என் வாய்க்குள்ளேயே இருந்தது.

"பாத்துச் சொல்றேனுங்க" என்றேன்.

எதைப் பார்த்து? எங்கே போய்? அந்தப் புளியமரத்தில் ஏறியா?

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்தேன். மாராத்தாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சாருக்கு ஒடம்பு செரியில்லீங்களா? மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது. சித்த உக்காருங்க" என்று சொல்லித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். வெட்கம் இல்லாதவன் எதையும் குடிப்பான்.

பொள்ளாச்சி பஸ்ஸில் அவர்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். ரங்கன் இப்போது தாராளமாக இருமினார். கிணத்துக்கடவு தாண்டியதும் இறங்கி, ரோட்டோரம் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். குரங்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கே ஒரு விளக்கக் கடிதம் எழுதி அனுப்பிப்போடறேனுங்க மேடம்" என்றேன்.

"கடுதாசில ஒத்துக்கிட்டா அதை ஃபைலுக்குள்ள வெச்சு மூடிருவாங்க. அந்தப் பொம்பளையோட மீன எளமீன்னு எங்க நின்னு கத்துனீங்க?"

"எடைக் கொட்டகையிலங்க."

"அப்ப அங்கயே போய்ச் சொல்லுங்க. நான் வந்து உக்காந்து எழுதிக்கிறேன்."

ஒரு மாதம் கழித்துத்தான் சங்கக் கூட்டம் கூடியது, ஒரு வெள்ளிக்கிழமை. மைக்கைப் பிடித்தேன். பேசிப் பழகிய மைக்தான், அன்று அது சூடான தோசைக்கல் போல இருந்தது. பத்து வருடமாக நான் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடவில்லை என்று சொன்னேன். பதிவேட்டில் இருப்பது பொய் என்று சொன்னேன். நீச்சல் தெரியாததால் பரிசலில் ஏறவில்லை, ஏறாததால் முட்டையைப் பார்க்கவில்லை, பார்க்காததால் ரங்கன், மாராத்தாள் பிழைப்பைக் கெடுத்தேன் என்று சொன்னேன். குரங்கையும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "கொரங்கு மேல ஒரு கேஸப் போடுங்க சார்!"

"கொரங்கு திருப்பிக் குடுத்தாலும் இவுரு வாங்கியிருக்க மாட்டாருங்க!" என்றது இன்னொரு குரல்.

அன்றைக்கும் கொட்டகை இடிந்து விழச் சிரித்தார்கள். அதே ஐஸ்காரர், அதே ஐஸ். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மாராத்தாள் சிரிக்கவில்லை. கூட்டம் கலையும்போது பக்கத்தில் வந்தாள். "இத அன்னைக்கு அந்த ஆபீசுல சொல்றதுக்கு என்னுங்க சார்? இவரு இன்னொரு மாசம் அந்தத் தூசில வேல செஞ்சிருக்க மாட்டாரில்லீங்க" என்றாள்.

மேடம் எழுதியதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். லைசென்ஸ் திரும்பியது. எனக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது, ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வேலை போகவில்லை. நான் பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை. சிவப்புக் கோட்டை அணைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்ற கோப்பு மட்டும் எங்கோ மேலே தூங்குகிறது. காரணம் என்ன தெரியுமா? தண்ணீர் சூடேறியதற்குப் பல வருடப் பதிவு வேண்டுமாம். அந்தப் பல வருடத்தைத் தின்றவன் நான். அணை எப்போது சூடேற ஆரம்பித்தது, எவ்வளவு ஏறியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் கட்டத்தில் ஒரே மார்கழி. இந்த ஊரில் மீன் ஏன் சிறுத்தது என்று நாளை ஒருவர் ஆராய வந்தால், அவர் முன்னால் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைந்த ஒரு மனிதன் குறுக்கே படுத்துக் கிடப்பான்.

மேடம் எச்சரித்ததையும் நான் முழுசாகக் கேட்கவில்லை. அடுத்த வருடம் கட்லா மீன் வரத்துக் குறைந்தது. "வெப்பத்தின் காரணமாக" என்று கம்பீரமாக எழுதினேன். கட்லாக் குஞ்சே அந்த வருடம் அணையில் விடவில்லை என்பது பிறகு தெரிந்தது. விட வேண்டிய அலுவலர் யார் என்று பார்த்தேன். நான்தான்.

அதனால் எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம் என்று நம்புங்கள் என நான் கேட்கவில்லை. கீறிப் பாருங்கள். பரிசலில் ஏறுங்கள். தண்ணீரில் கையை விடுங்கள். தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார். இருபத்தாறைப் பார்த்து யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி நான் ஏன் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன் என்று சொல்கிறேன். பத்து நாள் முன்னால் மாராத்தாள் போன் செய்தாள்.

"சார், நல்லா இருக்கீங்களா? மறுக்காவும் நோட்டீஸ் வந்துருக்குதுங்க. எளமீன் புடிக்கிறோமாம். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கெழம கொட்டாயில வெச்சு வெசாரணைங்களாம். இவருக்கு இப்ப நார் மில்லுக்குப் போற ஒடம்பு இல்லீங்க சார்."

நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். "நீரின் வெப்பநிலையில் மாற்றம் ஏதும் இல்லாத நிலையில், மீன் அளவு குறைந்ததற்கு வலையே காரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம், அணைப் பதிவேடு. கீழே உங்கள் கையெழுத்து. அழகான கையெழுத்து.

நான் வாங்கி வைத்துவிட்டு வந்த தெர்மாமீட்டர், உங்கள் அலமாரியில் மேல் தட்டில், உறை பிரிக்காத புதுப் பலகைக்குப் பின்னால் கிடக்கிறது. நூல்கூட அறுந்திருக்கவில்லை. குரங்கு கொண்டு போயிற்று என்று சொல்லக்கூட உங்களுக்கு வழி இல்லை.

இந்தக் கட்டுரையை மலரில் போட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் ஒரு பிரதியைச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன், கொட்டகைத் தூணில் ஒட்டுவார். வெள்ளிக்கிழமை காலை நானும் வருவேன், சால்வை வேண்டாம். அதே மைக் இருக்கும், அந்த ஐஸ்காரரும் இருப்பார். விசாரணை தொடங்கும் முன் நீங்கள் எழுந்து நின்று, மாராத்தாள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த நோட்டீசில் கையெழுத்துப் போட்ட அன்று அணைத் தண்ணீர் எத்தனை டிகிரி?

பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நான் சொல்லிவிட்டேன்.